கழிவு போக ஐம்பத்தெட்டு

எதைச் சொன்னாலும் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் அவர் காதில் வாங்குவார். எஸ்டேட் மேனேஜர் வந்து, "இந்த வருஷம் கொழுந்து அமோகம்" என்றால், "கழிவு போக எவ்வளவுங்க?" என்று கேட்பார். தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்று யாராவது பெருமையடித்தால், "முந்நூறக் கழிச்சுக்குங்க, பந்தியில ரெண்டு வாட்டி உக்காந்தவங்க அத்தனை பேரு" என்பார். சாமி நேரில் வந்து வரம் கொடுத்தாலும் சாக்கு எடையைக் கழித்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார் என்று எஸ்டேட்டில் ஒரு பேச்சு உண்டு.

குந்தா பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் கொழுந்து எடை போடுபவர் அவர். எல்லாரும் எடைக்காரர் என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பெண்கள் பறித்துக்கொண்டு வரும் பச்சைத் தேயிலையைக் கொட்டகையில் நிறுத்து, சாக்குக்கு இவ்வளவு, இலைமேல் நிற்கும் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து, மிச்சத்தை அவரவர் பேருக்கு எழுதுவது அவர் வேலை. ஈரக் கழிவு எவ்வளவு என்று எந்தத் தராசும் சொல்லாது. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, விரலால் நெருடிப் பார்த்து அவர் சொல்வதுதான் கழிவு. மழை வலுத்தால் கழிவு கூடும், வெயில் வந்தால் குறையும்.

ஒரு ஆடி மாதம் மேனேஜர், இனி எல்லாச் சாக்குக்கும் ஐந்து கிலோ கழிக்கச் சொன்னாராம். "மூணுதானுங்க தண்ணி இருக்குது. இல்லாத தண்ணிய எங்கிருந்துங்க கழிக்கிறது?" என்று இவர் மறுத்துவிட்டார். மேனேஜருக்குக் கோபம். ஒரு சாக்கை அவிழ்த்து, ஃபேக்டரியில் தார்ப்பாயில் பரப்பி, ஈரம் போகிறவரை மின்விசிறியை ஓடவிட்டு மறுபடி நிறுத்திருக்கிறார்கள். மூன்று கிலோ குறைந்திருந்தது. மேனேஜர் ஆபீஸைப் பார்த்து நடந்துவிட்டார். அன்றைக்கு நின்று பார்த்த பெண்கள் எல்லாரும் அந்தக் கதையை என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். ஆனால் அதே ஆள் தன் சம்சாரத்தின் சாக்கில் நாலு கிலோ கழித்து, அந்த அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த கதையும் உண்டு. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர் கழித்தால் வயிறு எரியும், ஆனால் வாய் பேசாது என்றாள் ஒருத்தி. அந்தக் கையை அத்தனை பேரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், அதுதான் இந்தக் கதை.

நான் அப்போது குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். செல்போன் வராத காலம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை வைத்து எங்கள் டாக்டர் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் அந்த இடத்துத் தசை செத்துப்போகும். மிச்சமிருப்பது தளர்ந்துபோய், வந்த இரத்தத்தை முழுதாகத் தள்ள முடியாமல் திணறும். அப்படித் திணறத் திணற உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். முதலில் காலில், பிறகு வயிற்றில், கடைசியில் நுரையீரலில். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உள்ளே தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம். உடனே நீர் மாத்திரையைக் கூட்டினால் ஆளைக் காப்பாற்றிவிடலாம். அடிக்கடி கோயமுத்தூருக்கு இறங்கிப் போக முடியாத மலைக்காரர்களை மாத்திரையும் தினசரி எடையும் கொண்டே உயிரோடு வைத்திருக்க முடியுமா என்பதுதான் டாக்டரின் கேள்வி. நல்ல கேள்வி. இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டித் தராசும் ஒரு நோட்டும் கொடுத்தோம். தினமும் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும். எடை ஏறினால் எஸ்டேட் ஆபீஸ் போனிலிருந்து எங்களைக் கூப்பிட வேண்டும். வாரம் ஒருமுறை நான் பஸ் ஏறிப் போய் நோட்டைப் பார்ப்பேன். எடைக்காரருக்கு முந்தின வருஷம்தான் மாரடைப்பு வந்திருந்தது. பாதி இதயம்தான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னபோது, "அந்தப் பாதியும் கழிவு போகவுங்களா, கழிவோடவுங்களா?" என்று கேட்டவர் அவர். டாக்டருக்கு அன்றே அவரைப் பிடித்துவிட்டது.

நாங்கள் கொடுத்த தராசை அவருக்குப் பிடிக்கவில்லை. குப்புறக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இதுல முத்திரை எங்கீங்க அம்மணி?"

"இது வீட்டுத் தராசுங்க. இதுக்கெல்லாம் முத்திரை கிடையாதுங்க."

"முத்திரை இல்லாத தராசுல நான் ஆட்டுக்குட்டியக் கூட நிறுக்கமாட்டனுங்க."

என் எதிரிலேயே மூன்று தடவை ஏறி இறங்கினார். மூன்று தடவையும் வேறு வேறு எடை காட்டியது. "பாருங்க, மூணு வாட்டி ஏறுனா மூணு ஆளு இருக்கறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷாவருஷம் அதிகாரி வந்து முத்திரை குத்திப் போகும் கொட்டகை மேடைத் தராசில்தான் நிற்பேன் என்று ஒரே பிடியாக நின்றார். டாக்டரும் சரி என்றார். எங்கள் தராசைவிட அது எவ்வளவோ உசத்தி என்பது உண்மைதான். எங்கள் தராசில் அவர் சம்சாரம் வெங்காயக் கூடையை வைத்துக்கொண்டார்.

அவருடைய நோட்டு மாதிரி ஒரு நோட்டை நான் பார்த்ததில்லை. மற்றவர்களுடையதில் டீக் கறை இருக்கும், பேரப்பிள்ளை வரைந்த கோழி இருக்கும், நான்கு நாள் எழுதாமல் ஐந்தாம் நாள் ஒரே பேனாவில் மொத்தமாக எழுதியிருக்கும். இவருடையதில் ஒரு அடித்தல் கிடையாது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழே முக்கால், ஐம்பத்தெட்டு. டாக்டர் அதை வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். மார்ச்சிலிருந்து மே முடியும்வரை அந்த எடையும் அந்த மனிதரும் அப்படியே இருந்தார்கள்.

ஜூனில் மழை பிடித்தது. நாள் கணக்கில் மூடுபனி விலகவே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொட்டகைக்கு ஏறிப் போவதற்குள் நான் தொப்பலாகிவிடுவேன். ஆட்கள் எல்லாரும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, முழங்கால்வரை ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு போனார்கள். யார் முகமும் தெரியாது. இருமல் மட்டும் கேட்கும்.

எடைக்காரர் எப்போதும் நின்றுகொண்டுதான் எடை போடுவார். உட்கார்ந்தால் முள் சாய்ந்து தெரியும், அது அநியாயம் என்பது அவர் கொள்கை. ஜூலையில் ஒருநாள் போனபோது அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"என்னங்க, உக்காந்துட்டீங்க?"

"மழைங்க அம்மணி. சளி புடிச்சுக்கிச்சு." இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மூச்சு எடுத்தார்.

"மேடு ஏறுறப்ப மூச்சு வாங்குதுங்களா?"

"இந்த மழையில யாருக்குத்தானுங்க வாங்கல?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. அதற்கு முந்தின நாளும் ஐம்பத்தெட்டு. வாரம் முழுக்க ஐம்பத்தெட்டு. மனசு லேசாகிவிட்டது. தண்ணீர் சேர்ந்திருந்தால் எடை ஏறியிருக்கும், ஏறவில்லை, ஆகவே சளிதான். படித்த படிப்பு அப்படித்தான் சொல்லியது. காலைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பூட்ஸைக் கழற்றச் சொன்னால் வரிசையில் நனைந்துகொண்டு நிற்கும் பெண்கள் முனகுவார்கள். எனக்கும் நான்கு மணி பஸ் இருந்தது. நோட்டில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அவர் சம்சாரம் வழியில் என்னைப் பிடித்துக்கொண்டார். பறித்த கொழுந்து முதுகில் தொங்க, நின்றபடியே சொன்னார்.

"ஏனுங்க அம்மணி, நாலஞ்சு நாளா அவரு படுக்கறதே இல்லீங்க. செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டேதான் தூங்கறாரு. படுத்தா மூச்சு முட்டுதுங்களாமா."

"எடை ஒண்ணும் ஏறலீங்களே அக்கா."

"அதைத்தானுங்க அவரும் சொல்றாரு. ஆனா பூட்ஸக் கழட்டறதுக்கு ரெண்டு பேரு வேணுமுங்க. நானும் மவனும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கறோம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மழையில் ஊறிய பூட்ஸ் யாருக்கும் கழலாது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நர்ஸுக்கு இந்த இரண்டு வாக்கியமும் போதும். படுக்க முடியவில்லை, கால் பூட்ஸில் அடங்கவில்லை. கல்லூரியில் முதல் வருஷப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். ஆனாலும் அன்றும் போய் நோட்டைப் பிரித்தேன். ஐம்பத்தெட்டு. அந்த எண்ணைப் பார்த்ததும் என் கண், காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு நான்காம் நாள் காலையில், கொட்டகையில் ஒரு பெண்ணின் சாக்கைத் தராசில் வைத்து, கையை உள்ளே விட்டபடியே அவர் சாய்ந்துவிட்டார். எஸ்டேட் ஜீப்பில் குன்னூருக்குக் கொண்டுவந்தார்கள். வாசலிலேயே நான் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பூட்ஸைக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தோம். டியூட்டி டாக்டர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் போன பள்ளம் அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இந்த வீக்கம்? தினமும் எடை பார்க்கிற பேஷன்ட்தானே?"

ஜீப்பில் கூடவே வந்த நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, கோயமுத்தூருக்கு அனுப்பச் சொன்னார். நானும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டேன். அவர் சம்சாரம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

படுக்க வைக்க முடியாததால் என் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டி திரும்பும்போது அவர் பாரம் முழுதும் என்மேல் விழுந்தது. ஐம்பத்தெட்டு கிலோ ஆளின் பாரம் இல்லை அது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. "எடைக்காரரே, தராசு எவ்வளவு காட்டுச்சுங்க?" என்று காதருகே கேட்டேன். அவர் முகமூடியை விலக்கிக்கொண்டு சட்டைப் பையைத் தொட்டார். உள்ளே இருந்த அவருடைய சொந்தக் கைநோட்டை எடுத்துப் பிரித்தேன். கொழுந்துக்குப் போடுவது போலவே தனக்கும் மூன்று கட்டம் போட்டிருந்தார். மொத்தம், கழிவு, நிகரம். ஜூன் முதல் தேதி மொத்தம் அறுபத்தொன்று, கழிவு மூன்று. பிறகு அறுபத்திரண்டரை, கழிவு நாலரை. அறுபத்து நாலு, கழிவு ஆறு. அன்றைக்குக் காலையில் அறுபத்தாறு, கழிவு எட்டு. நிகரம் மட்டும் ஐம்பத்தெட்டிலிருந்து அசையவே இல்லை. அதைத்தான் எங்கள் நோட்டில் ஏற்றியிருந்தார்.

"பூட்ஸு ரெண்டு... கம்பளி ஒண்ணு..." என்றார். மூச்சு எடுத்தார். "மீதி அஞ்சு தண்ணிங்க அம்மணி. கழிச்சுப்போட்டேன்."

அவர் கணக்கு சரி. அஞ்சும் தண்ணீர்தான். கொழுந்தாக இருந்தால் கையை உள்ளே விட்டு ஈரம் எங்கே இருக்கிறதென்று பார்த்திருப்பார். தன் உடம்பில் எங்கே கையை விடுவது? மழை வலுக்க வலுக்க எடை ஏறியது, மழை வலுத்தால் கழிவு கூடும், அவருக்குத் தெரிந்த உலகத்தில் அதில் ஒரு தப்பும் இல்லை. மலை பாதி இறங்கிப் பர்லியார் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் போகிறவரை அவரைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

இத்தோடு நிறுத்தினால் என்னைப் பற்றி நீங்கள் நல்லவிதமாக நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். முதல் நாள் நடந்த ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை.

நோட்டைக் கொடுத்த அன்று அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மழையில நனைஞ்சுட்டு வந்து நின்னா துணியில ஈரம் இருக்குமுங்களே, அதை என்னங்க பண்றது?" எங்களுக்குக் கொடுத்திருந்த தாளில் இதற்குப் பதில் இருந்தது. கனத்த உடையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும், எதையும் கழிக்கக் கூடாது, தராசு காட்டுவதை அப்படியே எழுத வேண்டும். அந்தத் தாள் என் பையில்தான் இருந்தது. இன்னும் பன்னிரண்டு வீடு பாக்கி. நான் கொஞ்சம் வாயாடி வேறு. "உங்களுக்குத் தெரியாத கழிவாங்க? நீங்களே பாத்துக் கழிச்சுட்டு, மிச்சத்த எழுதுங்க" என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் கையை மதித்ததாக நினைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தோடு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆராய்ச்சியில் யார் இறந்தாலும் காரணம் எழுத வேண்டும். எடைக்காரர் இறந்த மூன்றாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நல்ல மனிதர். அவர் கண் கலங்கியிருந்தது.

"இவரைக் கழிக்கச் சொன்னது யாரும்மா?"

"யாரும் சொல்லல சார். அவராகவே கழிச்சிருக்கார்."

டாக்டர் எழுதிக்கொண்டார். அதன்பிறகு அச்சடித்த நோட்டு எல்லாவற்றிலும் 'எதையும் கழிக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் டாக்டர் இந்தக் கதையைச் சொல்வார். பேர் சொல்லமாட்டார். தன் எடையைத் தானே தப்பாக எழுதிக்கொண்ட ஒரு நோயாளி என்பார். அடப்பாவமே என்று எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். நானும் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

காரியம் முடிந்த பிறகு மிச்ச மாத்திரைகளைத் திருப்பி வாங்கிவர டாக்டர் என்னைத்தான் அனுப்பினார். மழை விட்டிருந்தது. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மாத்திரையை எண்ணாமலே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு எடைய தப்பா எழுதிப்போட்டாருன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களாமா. ஆபீஸ்ல வந்து பேசியிருக்காங்க. இப்ப கொட்டகையில இவங்கெல்லாம், தன்ற எடையே எழுதத் தெரியாத ஆளு இத்தனை வருஷமா நம்ம எடைய எப்படி எழுதுனாரோன்னு கேக்கறாங்க. என்ற மூஞ்சிக்கு நேராவே கேக்கறாங்க. அவரு ஆருக்கும் ஒரு இலைக்குக்கூடத் தப்புப் பண்ணலீங்க. ஆனா எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதுங்களே. நீங்க ரெண்டு புஸ்தகத்தையும் பாத்தவங்க. நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க. அவரு தப்பா எழுதிட்டாருங்களா?"

வாசலில் நின்ற பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலை நிரந்தரமாகாத வருஷம் அது. காரணமாகச் சொல்லவில்லை, அப்போது என் மனசில் ஓடியது அதுதான் என்பதால் சொல்கிறேன்.

"ஆமாங்க அக்கா" என்றேன்.

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பிறகு எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, வாசலுக்குப் போய் அந்தப் பெண்களிடம் சொன்னார்.

"நீங்க சொன்னது சரிதானுங்க. தப்பாத்தான் எழுதியிருக்காரு. சிஸ்டரே சொல்லிட்டாங்க."